வேன் சாவி என் கையில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

அம்மா, ஒரு பெரிய விஷயம், பயப்படாமல் படியுங்கள்! போன வாரம் ஒரு மாலை, சலவைக்கூடத்தில் வேலை முடிந்து எல்லோரும் வேனில் ஏறினோம். டிரைவர் அண்ணன் ஏதோ விருந்தில் குடித்துவிட்டு வந்திருந்தார். கிளம்பியதுமே வண்டியைக் கேட் தூணில் உரசி நிறுத்தினார். நான் எட்டிச் சாவியை உருவிவிட்டேன்!

"ரெண்டு கிளாஸ்தான் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகாது. குடு!" என்று கத்தினார்.

"உங்களுக்கு ஆகாதுண்ணே, எங்களுக்கு ஆயிடுமே!" என்றேன்.

சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் அத்தனை பேரும் இறங்கி என் பின்னால் வந்து நின்றார்கள். எனக்கு யானை பலம் வந்துவிட்டது! சிரித்துப் பேசிக்கொண்டே அறைக்கு நடந்து வந்தோம்.

மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார். "நேத்து அந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு எம்பொண்ணு அந்த ரோட்டுலதான் நடந்து வந்துட்டிருந்தா, தங்கச்சி," என்றவர் அழுதுவிட்டார். இப்போது அவருக்கு வண்டி கிடையாது. எங்களோடு துணி மடிக்கிறார்.

இங்கே எதை எடுத்தாலும் சோப்பு வாசம்தான். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். புது டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன். புடவையைத் துவைத்துவிடாதீர்கள் அம்மா.

உங்கள் மகள்