மேலாளர் சொன்ன என் சம்பளம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நேர்காணலில் என் சம்பளத்தைச் சொல்லவில்லை.

"இப்போ எவ்வளவு வாங்குறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. மழை வருமா என்று கேட்கிற குரல்.

"இந்த வேலைக்கு நீங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?"

"முதல்ல நீங்க சொல்லுங்க, அப்புறம் நாங்க சொல்றோம்."

நான் தண்ணீர் குடித்தேன். ஒரு தம்ளர் முழுதாக.

ஐந்து வருஷமாக இதே கேள்வியைக் கேட்டுப் பிழைப்பவள் நான். இப்போதிருக்கும் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவு. சொன்ன தொகைக்கு மேல் இருபது சதவீதம் வைத்தால் வந்தவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். எங்கள் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

மார்ச் 5

அக்கா போனில் கத்தினாள். "கூட்டிச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி? எவன் தராசோட உக்காந்திருக்கான்?"

"நான்தான்க்கா. சேரும்போது மூணு மாசச் சம்பளச் சீட்டு கேக்குறதே என் வேலை."

"நல்லா வந்து வாய்ச்சுது பாரு உனக்குன்னு ஒரு வேலை!"

மார்ச் 7, வெள்ளி

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறேன்? இங்கேயாவது ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

இருபத்திரண்டு வயதில் இப்போதைய வேலைக்கு வந்தேன். "அப்பா சம்பாதிக்கிறாரில்ல, உனக்கு எதுக்கும்மா அதிகம்?" என்றார் மேலாளர். தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலின் மேல் வருஷா வருஷம் ஐந்து சதவீதம். அப்பா ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது; வாடகை என் தலையில். என் சம்பளம் மட்டும் அவர் இன்னும் வேலைக்குப் போவதாக நம்பிக்கொண்டிருக்கிறது.

'முந்தைய சம்பளத்தைச் சொல்ல விருப்பமில்லை. இந்தப் பணிக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு' என்று அந்த அம்மாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அனுப்பிவிட்டு மேசையைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 8

பதில் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார். அந்த நிறுவனத்திலிருந்து அவரிடமே போன் போட்டு என் சம்பளத்தை விசாரித்திருக்கிறார்கள். நானும் இப்படி எத்தனை பேருக்குப் போன் போட்டிருக்கிறேன் — யாரைத் திட்ட?

"வேற எடம் பாக்குறியாம்மா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

சொன்னார். நான் வாங்குவதுபோல் ஒன்றரை மடங்கு!

"உள்ளதைச் சொன்னா நம்ம கம்பெனி மானம் என்ன ஆகுறது?"

"அப்ப அதையே எனக்குக் குடுத்துடுங்க சார்."

ரசித்துச் சிரித்தார். "அது வெளியாளுக்குச் சொல்ற கணக்கும்மா."

மார்ச் 13

வேலை உறுதி என்று கடிதம் வந்துவிட்டது. மேலாளர் சொன்ன தொகை, அதன் மேல் இருபது சதவீதம். நான் கேட்டதைவிட அதிகம். சேரும் நாளில் சம்பளச் சீட்டு கொண்டுவர வேண்டுமாம்.

ஆக, வாயையே திறக்காமல் நான் இப்போது பொய்க்காரி. சும்மா இருந்துவிடலாமா? சீட்டைப் பார்த்ததும் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் இங்கேயும் ராஜினாமா கொடுத்திருப்பேன். நானே இரண்டு பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் அழுதார்.

மார்ச் 14, வெள்ளி

அந்த அம்மாவுக்குப் போன் செய்து உண்மையான தொகையைச் சொன்னேன். அக்காவுக்கே தெரியாத தொகை.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"இவ்ளோ கம்மிக்கா அஞ்சு வருஷம் இருந்தீங்க?"

"ஆமா."

"ஐயோ, எம்.டி. கையெழுத்துப் போட்டுட்டு ஃப்ளைட் ஏறிட்டாரே. மாத்தணும்னா மறுபடி ஏழு பேர் பின்னால அலையணும்..." பெருமூச்சு. "அப்படியே இருக்கட்டும். சீட்டோட ஒரு விளக்கக் கடிதம் வெச்சிருங்க."

தன்மானம், நேர்மை என்று அலமாரி நிறையப் படித்து வைத்திருக்கிறேன். என்னைக் காப்பாற்றியது ஏழு கையெழுத்துச் சோம்பல்.

மார்ச் 17

ராஜினாமா கொடுத்தேன்.

ஏப்ரல் 23, புதன்

புது இடத்தில் சேர்ந்து மூன்று நாள். சம்பளம் கடிதத்தில் இருந்ததுதான். பழைய மேலாளர் போன் செய்தார். என் நாற்காலிக்கு ஒரு பெண்ணை எடுத்துவிட்டாராம், எனக்குக் கொடுத்ததைவிடக் குறைவாக.