மெத்தை குடோனில் அடித்த டிரம்ஸ்

ஜூன் 10, செவ்வாய்

வேலைக்குக் கிளம்பும் முன் அந்தப் பாட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நாள் முழுக்க எரிச்சல்.

டிரம்ஸ் ஒரே சேறு. காலால் அடிக்கிற கிக் டிரம் எங்கே முடிகிறது, பேஸ் கிடார் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. 'டப்' என்று விழ வேண்டிய சின்ன டிரம், ஸ்னேர், 'தொப்' என்று விழுகிறது. சிம்பல் தட்டைப் போர்வைக்குள் வைத்து அடித்த மாதிரி இருக்கிறது.

எட்டு வருஷமாகக் கல்யாண மேடையிலும் கோயில் திருவிழாவிலும் அடுத்தவர் பாட்டையே வாசித்தாயிற்று. திண்டிவனத்தில் நான் கீபோர்டு, காணை செல்வகுமார் பேஸ், விழுப்புரம் சுஃப்யான் டிரம்ஸ். எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த ஒரு பாட்டுதான். போன மாதம் பதிவு செய்தோம். வருகிற 25ஆம் தேதி சுஃப்யான் தோஹாவுக்குப் போகிறான், ஏசி மாட்டும் வேலை. டிரம் செட்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டான். இனி அவனை வாசிக்கச் சொல்ல வழியில்லை, இருப்பதை வைத்துத்தான் தேற்ற வேண்டும். "நீ ஏறுறதுக்குள்ள முடிச்சிக் கையில குடுக்கிறேன்டா" என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான். யார் கேட்டார்கள் என்னை?

ஜூன் 11, புதன்

கண்ணாடிக் கடையில் இன்று ஒரு பெரியவருக்குக் கண் பார்த்தேன். "இதுல தெளிவா தெரியுதா, இதுலயா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்குது" என்றார். எனக்கும் காலையிலிருந்து அப்படித்தான்.

ஜூன் 14, சனி

முன்னூறு, நானூறு ஹெர்ட்ஸில்தான் சேறு தங்கும் என்று பார்க்கிற வீடியோவில் எல்லாம் சொல்கிறார்கள். அங்கே குறைத்தேன். இன்னும் குறைத்தேன். சேறு போனது, கூடவே டிரம்ஸும் போனது. மிஞ்சியது தகர டப்பா. சரி, சிம்பலையாவது தூக்குவோம் என்று மேலே ஏற்றினால் வெறும் இரைச்சல்தான் ஏறுகிறது. தூக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லையே, ஏன்?

என் வீட்டுக்காரர் ராஜ்குமார் ஓட்டுகிற ஸ்கூல் வேனில் போட்டுக் கேட்டோம். அந்த ஓட்டை ஸ்பீக்கரில் தேறினால் எதிலும் தேறும். "மாடில யாரோ அரிசி மூட்டைய உருட்டிக்கினு போற மாதிரி இருக்குது" என்றார். கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டார் என்பதுதான் கோபம். ராத்திரி அவர் கேட்டதற்கெல்லாம் 'ம்' என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

ஒன்று பிடித்தேன்!

கிக்குக்குள் ஒரு மைக், ஸ்னேருக்கு ஒன்று, மேலே தொங்கவிட்டது இரண்டு. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரே அடிக்கு மேல் மைக்கின் கோடு ஏறுகிற இடத்தில் கிக் மைக்கின் கோடு இறங்குகிறது. ஒன்றை ஒன்று தின்றுகொண்டிருந்திருக்கின்றன. அந்தக் கிக் மைக்கின் ஒயர் செல்வா தானே ஈயம் வைத்து ஒட்டியது. ரெண்டு கம்பியை இடம் மாற்றி ஒட்டியிருக்கான், பாவி. ஒரே ஒரு பட்டன். கிக் கோட்டைத் தலைகீழாகத் திருப்பினேன். கிக் 'தும்' என்று நெஞ்சில் வந்து விழுந்தது. ராஜ்குமாரை இழுத்துவந்து கேட்க வைத்தேன். "இப்ப மூட்டைய எறக்கி வெச்சிட்டாங்க" என்றார். சிரித்துவிட்டேன்.

சந்தோஷம் சாயங்காலம் வரைதான். மேல் மைக்குகளைத் தனியாகக் கேட்டபோது புரிந்தது. நாங்கள் பதிவு செய்தது சுஃப்யானின் அப்பா காதர் பாட்சாவின் மெத்தைக் கடை குடோனில். இலவம்பஞ்சு மெத்தைகளை ஷட்டர் வாசல் தவிர மூன்று பக்கமும் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டு, இதுக்கு முன்னாடி சென்னை ஸ்டூடியோவெல்லாம் எந்த மூலைக்கு என்று மூன்று பேரும் பெருமைப்பட்டோம். அடுக்கச் சொன்னது நான். மெத்தைகள் சிம்பலின் சிலுசிலுப்பை எல்லாம் குடித்துவிட்டன. அடித்தொண்டை உறுமலை மட்டும் விட்டுவைத்தன, அது சுவரில் முட்டிமுட்டி அங்கேயே சுற்றியிருக்கிறது.

பதிவாகாத ஒன்றை எங்கேயிருந்து தூக்குவது?

ஜூன் 18, புதன்

செல்வா கடைக்கே வந்துவிட்டான். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த கால் சேறு இன்னும் காயவில்லை. கேட்டுவிட்டு, "மெஷின் டிரம் போட்டுடு சங்கவி" என்றான். "அவன் எங்கங்க அடிச்சானோ அங்கங்க அதை வெச்சிக்கினு போயிடு. எவனுக்குத் தெரியப் போவுது?"

"சுஃப்யானுக்கு?"

"அவனே விசா, மெடிக்கல்னு பேஜார்ல இருக்கிறான். இத்தப் போயி உக்காந்து கேப்பானா?"

ஒயர் விஷயத்தைச் சொல்லி நன்றாகக் கத்திவிட்டேன். கண்ணாடி வாங்க வந்த அம்மா திரும்பிப் பார்த்தார்கள். செல்வா டீ வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனான். அவன் சொன்னதில் என்ன தப்பு? ஊரில் எல்லோரும் செய்வதுதானே. அப்புறம் ஏன் எனக்கு மட்டும் வலிக்குது?

ஜூன் 20, வெள்ளி

போட்டுவிட்டேன். சுஃப்யானின் ஒவ்வொரு அடியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெஷின் அடியை வைத்தேன். மூன்றாவது பல்லவிக்குள் நுழையும்போது அவன் ஒரு அடி தாமதம். அதையும் இழுத்து நேராக்கினேன்.

சுத்தம். கண்ணாடி மாதிரி சுத்தம். "ரேடியோல வர்ற மாதிரியே இருக்குது" என்றார் ராஜ்குமார். இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் தவித்தேன். சோறு இறங்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பயணம் சொல்லிக்கொள்ளத் திண்டிவனம் வருகிறேன் என்றான் சுஃப்யான். வேண்டாம், நானே வருகிறேன் என்று விழுப்புரம் போனேன். அவன் அம்மா ஹலீமா பீவி பிரியாணிக்கு உட்காரவைத்த பிறகுதான் பேசவே விட்டார்கள்.

சாப்பிட்டதும் குடோனுக்குப் போய் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். ஒரு மெத்தை மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். விரல்கள் தொடையில் கூடவே வாசித்தன. மூன்றாவது பல்லவி வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"நல்லாருக்குதுக்கா. ரொம்ப க்ளீனா இருக்குது." கழற்றிக் கையில் கொடுத்தான். "அந்த எடத்துல நான் லேட்டா வந்தேன். அத்தயும் சரி பண்ணிட்டீங்க."

"சுஃப்யான், அது வந்து—"

"பரவால்லக்கா. பாட்டு நம்புளுதுதான."

குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். சிரிச்சிக்கினே சொல்றான். பாட்டில் எல்லாரும் இருக்கோம், அவன் மட்டும் இல்ல. அதைச் செஞ்சது நான்.

கிளம்பும்போது அவன் தங்கை நாசியா, "அண்ணன் அடிச்சத அன்னிக்கு வீடியோ புடிச்சேன், பாருங்கக்கா" என்று போனை நீட்டினாள். குடோன் ஷட்டர் பக்கம், தெரு ஓரமாக நின்று எடுத்திருக்கிறாள். மரியாதைக்குப் பார்த்தேன். அந்தத் துளியூண்டு ஸ்பீக்கரில் குச்சி நுனி சிம்பலில் படுவது கேட்டது. நான் இத்தனை நாள் தேடிய சிலுசிலுப்பு! மெத்தை இல்லாத திசை அது ஒன்றுதான். அன்று பல தடவை வாசித்ததில் இது எந்த டேக் என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவது பல்லவி வரை ஓடவிட்டேன். ஒரு அடி லேட். அதே டேக்தான்.

"வாட்ஸப்ல வேணாம்மா, சத்தத்தை நசுக்கிடும். ஒயர் போட்டு அப்படியே ஏத்திக் குடு" என்றேன். பஸ்ஸில் திண்டிவனம் வரை போனைக் காதோடு வைத்துக்கொண்டே வந்தேன், அந்த இரைச்சலில் சிம்பலை மட்டும் தேடிக்கொண்டு. பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

ஜூன் 25, புதன்

சுஃப்யான் போய்விட்டான். ஏர்போர்ட் வாசலில் கை காட்டுகிற போட்டோ வந்தது. அவன் போனில் இருப்பது நான் ஏற்றிக் கொடுத்த அந்த மெஷின் பாட்டு.

ஜூன் 27, வெள்ளி

மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டேன். அடி கனத்துக்கு எங்கள் மைக், மேல் சிலுசிலுப்புக்கு நாசியாவின் போன். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் போன் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்துகிறது. ஒவ்வொரு வரிக்கும் வெட்டி நகர்த்தி ஒட்டுகிறேன். கண் எரிகிறது. ஆனால் டிரம்ஸுக்கு மூச்சு வந்துவிட்டது.

இரண்டாவது சரணம் வரை தெரு சத்தம் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை, ஒரு ஆட்டோ ஹாரனைத் தவிர. மூன்றாவது பல்லவிக்கு முன்னால் ஒரு குரல். திரும்பப் போட்டேன். ஹலீமா பீவி, போனுக்குப் பக்கத்தில் நின்று: "சுஃப்யான், சோறு ஆறிப்போவுது, ஜல்தி வாப்பா."

உடனே அந்த லேட் அடி.

வீடியோவையும் பார்த்தேன். அம்மா குரல் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறான், குச்சி கையிலேயே நிற்கிறது, பிறகு அவசரமாகப் பிடித்துக்கொள்கிறான். இதைத்தான் நான் தப்பு என்று நேராக்கியிருக்கிறேன்.

ஜூன் 28, சனி

செல்வாவுக்கு அனுப்பினேன். போனில் கூப்பிட்டான். "டிரம்ஸு இப்பதான் டிரம்ஸு மாதிரி இருக்குது. ஆனா நடுவுல அவங்கம்மா சோத்துக்குக் கூப்புடறாங்களே, அத்த எடுத்துடு. கேக்கறவன் சிரிப்பான்."

எடுக்கப் பார்த்தேன். குரலை எடுத்தால் அதற்கு அடியில் இருக்கிற சிம்பலும் சேர்ந்து போகிறது. அந்த இடத்தில் மட்டும் பாட்டு செத்துவிடுகிறது. காலையில் எடுத்தேன், மத்தியானம் வைத்தேன், சாயங்காலம் மறுபடி எடுத்தேன். "வெச்சா வை, இல்லன்னா வுடு, இந்த எடத்தையே போட்டுப் போட்டு சாவடிக்காத" என்று ராஜ்குமார் வேனைக் கழுவப் போய்விட்டார்.

வைத்துவிட்டேன். செல்வா சிரித்துக்கொள்ளட்டும். ஒயர்க் கதையை வைத்துக் கத்தியதற்கு அவனிடம் மன்னிப்பு கேட்டேன். "அடுத்த பாட்டுக்குக் கடையிலியே ஒயர் வாங்கிக்கலாம்" என்றான்.

ஜூலை 1, செவ்வாய்

சுஃப்யானுக்கு அனுப்பினேன். 'முன்ன குடுத்தது மெஷின்டா. இது நீ' என்று மட்டும் எழுதினேன்.

ஜூலை 3, வியாழன்

நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது. பதில் இல்லை. டிரம்ஸ் சரியில்லையா? அம்மாவைப் பாட்டில் போட்டது பிடிக்கவில்லையா? கடையில் இன்று ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் வாய்ஸ் மெசேஜ். பின்னால் ஃபேன் சத்தம், யாரோ மலையாளத்தில் பேசுகிறார்கள்.

"அக்கா, சாரிக்கா, வெள்ளிக்கிழம லீவ்லதான் முழுசா கேக்க முடிஞ்சிது. ரூம்ல எல்லாருக்கும் ஸ்பீக்கர்ல போட்டேன். சாப்பிட்டுக்கினே கேட்டுக்கினு இருந்தாங்க. அம்மா கூப்டற எடம் வந்துச்சி. எங்க ரூம்ல ஒருத்தரு, பதினாலு வருஷமா இங்க கீறாரு, தமிழே தெரியாது அவருக்கு. அவரு கையக் கழுவிக்கினு எழுந்து போயிட்டாரு. அப்புறம் அவரே வந்து திரும்பப் போடச் சொன்னாரு. பாட்ட இல்ல. அந்த எடத்த."

அவ்வளவுதான் சொல்லியிருந்தான்.

ராஜ்குமாரைக் கூப்பிட்டு அதைக் கேட்க வைத்தேன். பிறகு பதில் எழுதப் போனை எடுத்தேன். டிரம்ஸ் தெளிவாகக் கேட்கிறதா என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. 'சாப்டியா?' என்று கேட்டேன்.