ரசீது இல்லாத இடம்

மார்ச் 24, செவ்வாய்

வெயில் ஆரம்பம். கூலர் துடைக்க ஆள் வரவில்லை.

நான் கஞ்சம் என்று கீழ் ஃபிளாட் பத்மா சொல்லித் திரிகிறாள். தவறு. என் வீட்டுக்காரர் திதிக்கு வருடாவருடம் பதினைந்தாயிரம் நன்கொடை கொடுக்கிறேன். ரசீது கேட்பேன். அவ்வளவுதான்.

ஐ.என்.ஏ. மார்க்கெட். முருங்கைக்காய் சுசீலாவின் வண்டி இல்லை. போன வாரம் முனிசிபாலிட்டிக்காரர்கள் லாரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்களாம். லைசென்ஸ் வைத்திருப்பவள். வெறும் கையோடு நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடமாக அவளிடம் வாங்குகிறேன், நிறை ஒருநாளும் குறைந்ததில்லை. "கேஸ் போட்டிருக்கு, மாதாஜி." நடைபாதை வியாபாரிகளுக்காக வழக்காடும் ஒரு சங்கமாம். நம்பர் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 25, புதன்

சங்கத்துக்கு போன். எடுத்தது தமிழ்ப் பெண், டெல்லியில் பிறந்தது. "ஆன்ட்டி, நம்மகிட்ட 80ஜி சர்டிபிகேட் நஹீ ஹை. டாக்ஸ்ல கழிக்க முடியாது. முதல்லயே சொல்லிடறேன்." தமிழ் கேவலம். நேர்மை பரவாயில்லை. 30ஆம் தேதி விசாரணை, வக்கீல் ஃபீஸ் பாதிதான் சேர்ந்திருக்கிறது.

ராமு (அவர் தம்பி, என் வரிக் கணக்குப் போடுபவன்): "80ஜி இல்லாத இடமா? கூடவே கூடாது மன்னி. வழக்கமான டிரஸ்டுக்கே கொடுங்கோ."

வழக்கமான டிரஸ்ட்: குளிர் போனபிறகு கம்பளி விநியோகம். கம்பளியைவிட பேனர் பெரிது. தலைவருக்கு மாலை. என் பெயர் இரண்டு தடவை தப்பாக அச்சாயிற்று. ரசீது மட்டும் அன்றைக்கே வரும்.

மார்ச் 27, வெள்ளி

மாத்திரை வாங்கணும்.

ஃபைலை எடுத்தேன். போன வருடம் ராமு போட்ட கணக்கு. நன்கொடைக்கான கழிவு: சைபர். போன் செய்தேன்.

"அது புது முறை மன்னி. வரி கம்மி. அதுல 80ஜி கழிவு கிடையாது."

"இந்த வருஷம்?"

"அதேதான். உங்களுக்கு அதான் லாபம்."

"அப்போ ரசீது எதுக்குடா?"

"இருந்தா நல்லதுதானே!"

முப்பது வருடம் சர்க்கார் ஆடிட்டில் உட்கார்ந்தவன். எங்கள் கான்வென்ட் ஸ்கூலாக இருந்தால் முட்டி போட வைத்திருப்பார்கள். ஆனால் அந்த ரசீதுகளைப் பஞ்ச் செய்து தேதிவாரியாக அடுக்கியவள் நான்.

மார்ச் 28, சனி

பதினைந்தாயிரத்துக்குச் செக், சங்கத்தின் பெயருக்கு. நானே ஆட்டோவில் போய்க் கொடுப்பேன். பத்மாவுக்குச் சொல்வதாக இல்லை. கூட வைக்கும் கடிதத்தின் நகல்:

"ரசீது வேண்டாம். என் பெயரை எந்தப் பேனரிலும் போட வேண்டாம். 30ஆம் தேதி கோர்ட்டில் என்ன நடந்தது, சுசீலாவின் வண்டி என்றைக்குத் திரும்பி வரும், வராது என்றால் ஏன் வராது என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும். போன் வேண்டாம்."