கவுஸின் குதிரைக்கு இரட்டைக் கரு

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

என் தீவனக் கடைத் தவிட்டில் எலிமருந்து கலந்திருப்பதாக ராயபுரம் முழுக்கப் புரளி கிளப்பி, ஆறு மாதம் கடையைப் பூட்டவைத்த ஆட்டு வியாபாரி கவுஸ், கல்யாண ஊர்வலத்துக்கு விட ஒரு பெட்டைக் குதிரை வாங்கியிருக்கிறான். சினைக் குதிரை. ஸ்கேனில் இரண்டு கரு தெரிந்ததாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைக் கலைக்காவிட்டால் இரண்டும் தங்காது, தாய்க்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நம்பாமல் நேற்று என்னிடமே வந்தான்.

“நீ அந்தியூரு குதிரைக்கார வூட்டுப் புள்ள. டாக்டரு சொல்றது நெஜமா, இன்னா?”

“உன் ஆடெல்லாம் ரெண்டு ரெண்டா போட்டுகினு கீது. குதிரைக்கு மட்டும் இன்னா கேடு, மாமு? வுட்டுடு” என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

நம் செவலைக் குதிரை இரட்டைக் கருவோடு செத்ததை நான் மறக்கவில்லை.

அம்மாவிடம் கொள்ளுப்பொடி கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். தனியாகப் பொங்கித் தின்பதில் எதுவும் ருசிக்கவில்லை.

அந்த வாயில்லா ஜீவன் உனக்கு என்னடா செய்தது என்று கேட்பீர்கள். உங்கள் குரலில் கேட்டால் ஓடிப்போய் அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதனால்தான் போன் செய்யாமல் கடிதம் போடுகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை தாண்டியிருக்கும்.

உங்கள் மகன்,
தாவூத்