மேசையில் விட்ட தட்டுகள்

ஜூன் 4
புதுக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தட்டில் வளர்க்கும் செல்கள் ஓரமாகப் போய்க் குவிந்து செத்துவிடுகின்றன. நான் வைத்தவை மட்டும் பிழைத்தன. "பழைய இடத்துல என்ன பண்ணுவீங்க?" என்றார் மேலாளர். அங்கே கற்ற எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள் நான். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

ஜூன் 5
பக்கத்திலேயே நின்று பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். செல்களை ஊற்றியதும் தட்டை உடனே இன்குபேட்டரின் கதகதப்புக்குள் வைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் மேசையிலேயே விடுவேன். அசையாமல் இருந்தால் சமமாகப் படியும். யாரும் சொல்லித் தரவில்லை. பழைய இடத்தில் தனி அறையில் நான் ஒற்றை ஆள். ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போவேன், வந்துதான் உள்ளே வைப்பேன். அதை ஒரு வேலை என்றே நினைத்ததில்லை. இது அவர்கள் ரகசியமா, என் சோம்பேறித்தனமா?

கணவரிடம் சொன்னால் சிரிக்கிறார். "டீ குடிச்சதுக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?" அவருக்கென்ன, கோர்ட்டுக்கு அலையப் போவது நான்தானே.

ஜூன் 9
இனி எல்லாரும் அப்படித்தான் செய்ய வேண்டுமாம். "இது நம்ம கம்பெனி ரகசியம். வெளிய மூச்சு விடக்கூடாது" என்றார் மேலாளர், என்னைப் பார்த்தே.

ஜூன் 17
அக்காவின் போன். கூடப்பிறந்தவர் இல்லை, பழைய கம்பெனியில் என் இடத்துக்கு வந்தவர். எடுக்கவில்லை. விஷயம் தெரிந்துவிட்டதோ?

ஜூன் 18
எடுத்தேன். அழுதார்.
"எல்லாம் செத்துப்போகுதுடி. நீ எழுதி வெச்சுட்டுப் போன செய்முறைப்படிதான் செய்யறேன். வேலையே போயிடும் போல. வேற ஏதாவது செய்வியா?"
ஒரு வார்த்தை போதும். ஆனால் பக்கத்தில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்? என்னை மாட்டிவிடத்தான் பேசச் சொன்னார்களோ — அக்கா அப்படிப்பட்டவரா? இல்லை. தெரியும். தெரிந்தும், "எழுதினது அவ்வளவுதான்க்கா" என்று வைத்துவிட்டேன். சீ, என்ன ஜென்மம் நான்.

ஜூலை 2
அக்காவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 11
அக்கா இன்று இங்கே சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "தெரிஞ்சவங்கதானே, நீங்களே சொல்லிக் கொடுங்க" என்று மேலாளர் போய்விட்டார்.

செல்களை ஊற்றி, தட்டைத் தூக்கிக்கொண்டு இன்குபேட்டர் பக்கம் திரும்பினார் அக்கா.

"கொஞ்ச நேரம் மேசையிலேயே இருக்கட்டும்க்கா."

தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அங்கயும் இப்படித்தான் செஞ்சியா?"

பதில் சொல்லுமுன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், மேலாளர் காதில் விழுமோ என்று.