விற்கக்கூடாத நிலம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

மனை வரைபடம் போடுகிற கை சும்மா இருக்குமா? நீங்கள் சபையில் வாசிக்கும் வேதாகமத்தின் எசேக்கியேல் புத்தகத்தில், ஆசாரியர்களுக்கென்று ஒதுக்கிய பரிசுத்த நிலத்தை மதிய இடைவேளையில் வரைந்தேன். நடுவில் ஆலயம், சுற்றிலும் அவர்கள் வீடுகள். அதில் சொன்ன அளவுக்கு ஒரு கோல்கூடப் பிசகவில்லை!

மேலாளர் எட்டிப் பார்த்தார். "யாரோட மனைப்பா? விலைக்கு வருமா?"

"விக்கவே கூடாத நிலம் சார்."

எசேக்கியேல் சிறைப்பட்டுப் போன அந்நிய தேசத்தில் இருந்துகொண்டு, சொந்த மண்ணை இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறாரே, அப்பா!

அதே சூட்டில் நம் வீட்டையும் வரைய உட்கார்ந்தேன். என் அறை ஜன்னல் எந்தச் சுவரில் என்று நினைவு வரவில்லை. டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். அறையை வாடகைக்கு விடப்போவதாக அண்ணன் சொன்னான். விடட்டும், அளந்த பிறகு.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உங்கள் சின்னவன்