கட்டை லேசாகத்தான் இருந்தது

இன்று பள்ளி அலுவலகத்தில் ஒரு பெரிய பெட்டியைப் பிரித்தார்கள். தெர்மகோல் உரசும் சத்தமும், புதுப் பிளாஸ்டிக்கின் அந்த மருந்து வாடையும் வந்ததுமே உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலை வழிபாட்டுக்கும் ஆண்டு விழாவுக்கும் ஆகட்டும் என்று பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கி அனுப்பிய கீபோர்டு. வெள்ளிமலைப் பேருந்தின் மேற்கூரையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள்.

"டீச்சர், நீங்கதான் அந்தம்மாகூட ஆர்கெஸ்ட்ராவுக்குப் போய்க்கினு இருந்தவங்களாச்சே. எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

அந்தம்மா என்று அவர் சொன்னது உன்னைத்தான்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நீ பார்க்கும் விதத்தைப் பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டு போனேன். எதுவும் கேட்கவில்லை என்றதும் உடற்பயிற்சி ஆசிரியர் பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினார். "வந்த அன்னிக்கே ஃபியூஸ் போச்சா? இன்னா வேணும்னு அவங்க கேக்கும்போதே சொன்னேன், கபடி மேட் கேளுங்கன்னு." எல்லோரும் சிரித்தார்கள். கட்டை லேசு, பிள்ளைகளுக்குப் போதும் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றவள் வெகுநேரம் எதுவும் எழுதவில்லை.

கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு என்னை அறிவிப்பாளராக்கினாய். உன் வீட்டுக்காரரோடு சேர்ந்து மெல்லிசைக் குழு தொடங்கியபோது, "நீ தமிழ் படிச்சவ, மைக்க புடிச்சி ரெண்டு வார்த்தை பேசுனா போதும், மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்று இழுத்துக்கொண்டு போனாய். நீ கீபோர்டு, அவர் ரிதம் பேட், நான் மைக். பாடுகிறவர்கள் வருவார்கள், போவார்கள். ரிஷிவந்தியத்தில் கல்யாணம், நைனார்பாளையத்தில் காதுகுத்து, ஆடியில் மலைமேல் திருவிழா என்று நாம் மூவர் மட்டும் மாறாமல் வேனில் இருப்போம்.

புது மாடல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் கடைவீதியில் இருக்கும் பாய் கடைக்குப் போயாக வேண்டும் உனக்கு. விற்பதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான். உன்னைப் பார்த்ததுமே, "வந்துட்டாங்கப்பா ஆர்டிஓ, வண்டிய வெளிய எடுங்க" என்பார். நீ அவரைக் கண்டுகொள்ள மாட்டாய். முதல் வேலையாகச் சத்தத்தைக் குறைப்பாய். "சத்தத்துல மயங்கிடுவோம்டி. ஊமையா வாசிச்சாத்தான் கட்டை இன்னா சொல்லுதுன்னு தெரியும்." அழுத்தினால் எங்கே போய் நிற்கிறது, விட்டால் விரலோடு சேர்ந்து மேலே வருகிறதா, பின்தங்குகிறதா, கறுப்புக் கட்டையின் ஓரம் விரலை உறுத்துகிறதா என்று பார்ப்பாய். லேசான கட்டை உனக்குப் பிடிக்காது. "இது பொம்ம. விரலுக்கு எதிர்த்து நிக்கணும் கொஞ்சம்."

அதற்குப் பிறகுதான் ஸ்டைல், பெட்டிக்குள்ளேயே பதிந்து வரும் தாளங்கள். இடது கையில் இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்து ஒரு கார்டைப் பிடித்தால் போதும், டிரம்ஸ், பேஸ், கிதார் எல்லாம் அந்தப் பெட்டியே வாசித்துவிடும் என்பதை முதன்முதலில் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். நீ வரிசையாக அழுத்திக்கொண்டே தீர்ப்புச் சொன்னாய். வால்ட்ஸ் நன்று, பாலட் நன்று, குத்து என்று போட்டிருப்பது டிரில் வகுப்பு. இந்தியா என்ற பெயரில் ஒன்று வந்ததும் கையை எடுத்துவிட்டாய். "எந்த இந்தியா பாய் இது? கச்சிராயபாளையம் பஸ்ல ஒரு நாளு ஏறியிருக்குமா?" ஆனாலும் உன் வீட்டுக்காரரைச் சீண்டுவதற்கு மட்டும் அந்த ஸ்டைல்களைப் புகழ்வாய். "இதுக்கு டீ வாங்கித் தர வேணாம். லேட்டா வராது. நடுவுல பீடி குடிக்கப் போவாது." அவரும் விடமாட்டார். "கரண்டு போனா தெரியும் உன் மிஷினு வாசிக்கற லட்சணம்."

ஒரு வருடம் மலைத் திருவிழாவில் நல்ல சாரல். கீபோர்டின் மேல் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கினோம். அடுத்த கல்யாணத்தில் நீ இரண்டு மூன்று இடங்களில் தவறவிட்டாய். சாப்பாட்டுப் பந்தியில், "கட்டை இறுகிப்போச்சுடி, மலையில ஈரம் உள்ள போயிடுச்சு" என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாய் முழுவதையும் கழற்றி, கட்டைகளுக்கு அடியில் இருக்கும் ரப்பரைத் துடைத்து, விசிறிக்குக் கீழே காயவைத்துக் கொடுத்தார். "உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்லம்மா. எல்லாம் பக்காவா இருக்கு" என்றார். நீ வாசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய். "இன்னும் டைட்டாத்தான் இருக்கு பாய்." மறுபடி கழற்றினார். மறுபடி டைட்டு.

சரி, வேறு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தாய். கடையில் இருந்ததையெல்லாம் வரிசையாக ஊமையாக வாசித்துப் பார்த்தாய். இதுவும் டைட்டு. அதுவும் டைட்டு. நீ எப்போதும் பொம்மை என்று தள்ளுகிற மாடலைக்கூட இறக்கச் சொன்னாய். அதுவும் டைட்டு. பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லா கம்பெனிக்காரனும் ஒன்னுகூடி உன்மேல சதி பண்ணிட்டானுங்களாம்மா?" நானும் சிரித்தேன். நீ சிரிக்காமல் என் பக்கம் திரும்பினாய்.

"நீ அழுத்து."

"எனக்கு இன்னாடி தெரியும்?"

"அழுத்துன்னு சொல்றேன்ல. சுண்டுவிரலால."

அழுத்தினேன். தண்ணீரில் விரலை வைத்ததுபோல் கீழே போனது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "லேசாத்தான்டி இருக்கு" என்றேன். நீ என் விரலைப் பார்த்தாய், பிறகு உன் விரலை. உன் வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மற்ற விரல்களைவிடச் சற்றே உள்வாங்கி வளைந்திருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு, "உக்காரும்மா, டீ சொல்றேன்" என்றார்.

பாண்டிச்சேரியில் மருத்துவர் தன் இரண்டு விரல்களை நீட்டி இறுகப் பிடிக்கச் சொன்னார். நீ பிடித்தாய். அவர் சுலபமாக உருவிக்கொண்டார். தசைக்குப் போகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகின்றன, வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம், திருப்ப முடியாது என்றார். உன் வீட்டுக்காரர் ஏதேதோ கேட்டார். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "எந்த வெரலு கடைசியா போவுங்க சார்?"

அதன் பிறகு நாம் தேடியதெல்லாம் லேசான கட்டையை. நீ வெறுத்த அந்தப் பொம்மை மாடலே உன் வீட்டுக்கு வந்தது. அதுவும் சில மாதங்களில் பாரமாகிவிட்டது. உனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்தில் பெண்ணை மேடைக்கு அழைத்து வரும்போது வாசிப்பாயே, அந்தப் பாட்டை முழுசாக ஒரு முறை வாசித்து முடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் வருவேன். நீ தொடங்குவாய். சரணத்துக்குள் நுழையும் இடத்தில் கை நின்றுவிடும்.

ஒரு நாள், "டச் ஆஃப் பண்ணிடு" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் ஓங்கிய ஒலி, அதுதான் டச். அதை அணைத்துவிட்டால் எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான். அப்படி வாசிப்பவர்களை, "காலிங் பெல் அமுக்கறானுங்க" என்று கிண்டல் செய்தவள் நீ. பொத்தானை நான்தான் அழுத்தினேன். உன் விரல் பட்டும் படாமலும் பட்டதற்கே முழுச் சத்தம் வந்தது. நீ தொடர்ந்து வாசித்தாய்.

ஸ்டைலையும் நீ வேறு விதமாகக் கேட்க ஆரம்பித்தாய். குத்து சரியா, நடை சரியா என்பதெல்லாம் போய்விட்டது. எது மெதுவாகப் போகும், எதில் ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு நகர அதிக நேரம் கிடைக்கும் என்று மட்டுமே கேட்டாய். நான் ஸ்டைல் எண்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். வேகத்தைக் குறைத்தால் டிரம்ஸ் தனியாக, பேஸ் தனியாக உதிர்ந்துபோனது. "இத்தினி ஸ்டைலு வெச்சிருக்கான், என் கைக்கு நிக்கறது ஒன்னுகூட இல்ல பாரேன்" என்றாய்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரர் எழுந்து போய்ப் பரண்மேல் கிடந்த ரிதம் பேடை இறக்கினார். தூசியைத் துடைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தார். "மிஷின நிறுத்து. நீ வாசி. நான் வரேன்."

நீ வாசித்தாய். உன் விரல் தயங்கிய இடத்திலெல்லாம் அவர் குச்சி காற்றில் நின்றது. விரல் இறங்கியதும் அவரும் இறங்கினார். அவர் இவ்வளவு நுணுக்கமாக வாசித்து நான் கேட்டதே இல்லை. சரணம் வந்தது. நீ அடுத்த கட்டையைத் தேடினாய். அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். நீ கையை மடியில் போட்டுவிட்டாய்.

"நிக்காதீங்க. நீங்க நிக்கறது எனக்குத் தெரியுது."

"இன்னா இப்போ, மெதுவாத்தான் வாயேன். நமக்கு இன்னா அவசரம்?"

"வேணாங்க. மிஷினே போடுங்க. அதுக்கு என்னப் பாத்தா பாவமா இருக்காது."

அவர் குச்சிகளைப் பேடின் மேல் வைத்தார். பிறகு ஸ்டைலை அவரே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

கடைசியாக நீ வாசித்தது ஒரு மத்தியானம். ஒரே விரலால் ஒரு கட்டையைத் தொட்டாலே முழுக் கார்டாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றி வைத்திருந்தேன். உன் ஆள்காட்டி விரலைக் கட்டையின்மேல் நான் வைத்தேன். நீ அழுத்தினாய். டிரம்ஸ், பேஸ், கிதார், வயலின்கள் என்று ஒரு கல்யாண மண்டபமே கூடிவிட்டது. உன் முகம் பழையபடி ஆனது. அடுத்த கார்டுக்கு இரண்டு கட்டை தள்ளிப் போக வேண்டும். உன் விரல் போகவில்லை. ஸ்டைல் அதே கார்டில் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தது. உன் விரலைத் தூக்கி நகர்த்துவதா, ஸ்டாப்பை அழுத்துவதா என்று தெரியாமல் கையை நீட்டினேன்.

"வுடு" என்றாய். "அது பாட்டுக்குப் போய்க்கினு இருக்கட்டும்."

விட்டேன். ஒரே கார்டில், மாறாமல், களைக்காமல் அது வாசித்துக்கொண்டே இருந்தது. நாம் இருவரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அதன் பிறகு நீ கீபோர்டைக் கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

யாராவது எதற்காவது திணறுவதைப் பார்த்தால் இப்போதும் என் கை எனக்கு முன்னால் போய்விடுகிறது. வகுப்பில் ஒரு பெண் ஒரு சொல்லில் திக்கி நின்றால், உதவி செய்தால் அவளுக்கு வலிக்கும். உதவாமல் பார்த்துக்கொண்டு நின்றாலும் அவளுக்கு வலிக்கும். இதை உன்னிடமிருந்து தெரிந்துகொண்டேனே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை.

போன வாரம் அப்பா சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போதெல்லாம் கை நடுங்குகிறது. என் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"இன்னாம்மா பாக்கற?" என்றார்.

"ஒன்னுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். எல்லாவற்றையும் மடித்து முடித்தும் அவருக்கு இன்னும் இரண்டு பொத்தான்கள் பாக்கி இருந்தன. மடித்ததை எல்லாம் உதறிவிட்டு முதலிலிருந்து மடித்தேன்.